தரவைத் திரட்டுவதா, விலைக்கு வாங்குவதா?



காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதி வானம் பார்த்த பூமி. இங்கே பருத்தியும் மிளகாயும் பயிரிடும் உழவர்க்கு மழையைப் போலவே விலையும் நிலையற்றது. வற்றலை இன்றே விற்பதா, சில வாரம் இருப்பு வைப்பதா என்று முடிவு செய்ய, சென்ற ஆண்டுகளின் விலை விவரம் பெரிதும் துணைபுரியும். அவ்விவரத்தைத் தொகுத்துத் தரக் கல்லூரி மாணவர் சிலர் முன்வருகின்றனர் என்று கொள்வோம். அவர்கள்முன் இரண்டு வழிகள் உள்ளன. இணையத்தளங்களில் வெளியாகும் விலைகளைக் கணினி நிரல் ஒன்றினால் தாமே திரட்டுவது ஒன்று. தரவு விற்கும் நிறுவனத்திடம் பணம் கொடுத்து வாங்குவது மற்றொன்று. எது தக்கது?

சொந்தக் கிணறு வெட்டுவதற்கும் வண்டித் தண்ணீர் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடே இவற்றிடையே உண்டு. கிணற்றை வெட்டினால் மட்டும் போதாது. தூர் வாரவும் வேண்டும். தளத்தின் அமைப்பு சற்று மாறினாலும் நிரல் பழுதுபடும். அது நின்றுவிட்டால் தெரிந்துவிடும். நிற்காமல் வேறு கட்டத்திலுள்ள எண்ணை எடுத்து வந்தாலோ தவறு மறைந்தே கிடக்கும். வாங்கும் தரவில் இந்த உழைப்பு இல்லை. ஆனால் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பதை நாம் கேட்டறிய வேண்டும். குண்டு மிளகாயும் சம்பா மிளகாயும் ஒரே பெயரில் கலந்திருந்தால், அந்த விலை இருவகை உழவர்க்கும் பயன்படாது.

உரிமையையும் எண்ண வேண்டும். தானியங்கி நிரல்கள் எந்தப் பக்கங்களுக்கு வரலாகாது என்பதைத் தள உரிமையாளர் ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கும் வழக்கம் 1994இல் தோன்றியது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, அனுமதியின்றிப் பிறர் கணினியிலிருந்து தரவை எடுப்பவர் இழப்பீடு தர நேரும் என்கிறது. வாங்குபவரும், விற்பவர் அதனை முறையாகப் பெற்றாரா என்று கேட்கக் கடமைப்பட்டவரே.

இவ்விரண்டிற்கும் முன்பாகப் பொது ஊருணியைத் தேடுதல் நன்று. 2000ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய அரசின் அக்மார்க்நெட் தளம், சந்தைகளின் குறைந்த விலை, உயர்ந்த விலை, பெரும்பான்மை விலை ஆகியவற்றைக் குவிண்டால் கணக்கில் தருகிறது. 2012இல் தொடங்கிய அரசின் திறந்த தரவுத் தளத்தில் அன்றாட விலைகளைக் கணினி நேரே பெறவும் வழியுண்டு. அங்கே கிடைப்பதைத் திருடவும் வேண்டா, வாங்கவும் வேண்டா.

அங்கும் கிடைக்காதபோது, தளங்கள் சிலவாய், அனுமதியும் இருந்து, நாள்தோறும் சரிபார்க்க ஆளும் இருப்பின் தாமே திரட்டலாம். பல ஊர்களின் நெடுங்கால விவரம் வேண்டி, விற்பவரும் அதன் மூலத்தைக் காட்டுவாராயின் வாங்கலாம்.

எவ்வழியில் வந்த எண்ணாயினும், சில நாள் விலையையேனும் அருப்புக்கோட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். குவிண்டால் என்பது நூறு கிலோ. அலகு மாறினால் விலை நூறு மடங்கு பிழையாகும். அத்தகைய பெரும்பிழை எளிதில் கண்ணில் படும். பத்து ரூபாய்ப் பிழை படாது. அதனை நம்பி மூட்டையை விற்றவரே அதன் நட்டத்தைச் சுமப்பார்.