பைசாவை ரூபாயாக்கும் கம்ப்யூட்டர் கணக்கு



கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று எந்தப் பக்கம் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் நம்மிடம் இந்தக் கேள்வி வருகிறது. "நோட்டுல வட்டி 33 ரூபாய்னு எழுதியிருக்கோம், கம்ப்யூட்டர் தாள்ல 32னு வருதே, ஒரு ரூபாய் எங்க போச்சு?" கேட்க வேண்டிய கேள்விதான். ஊக்குநரைச் சந்தேகப்படும் முன் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு உறுப்பினரின் கடன் பாக்கி 1,625 ரூபாய், வட்டி மாதம் நூற்றுக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். வட்டி 32 ரூபாய் 50 பைசா. 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின. 50 பைசா செல்லும், ஆனால் கண்ணால் பார்த்து எத்தனை நாளாச்சு! அதனால் முழு ரூபாயாக்குகிறோம். அரையும் அதற்கு மேலும் வந்தால் கூட்டிக்கொள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபடி 33.

எக்செல் கட்டத்தில் 'ரவுண்ட்' போட்டாலும் 33தான் வரும். ஆனால் ஒரு பட்டனைத் தட்டினால் மாதக் கணக்கு முழுவதையும் முடிக்கும் மேக்ரோவில் 'சிஇன்ட்' என்று எழுதியிருந்தால், சரிபாதி வரும்போது அது பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். 32.50 என்பது 32 ஆகும், 33.50 என்பது 34 ஆகும். எப்போதும் மேலே தள்ளினால் மொத்தம் கூடிக்கொண்டே போகுமே என்று அப்படி வைத்தார்கள். மேக்ரோவுக்குள் எழுதும் 'ரவுண்ட்'டும் இப்படித்தான். பேரு ஒண்ணு, குணம் வேற!

'இன்ட்' இன்னும் மோசம். பைசாவை அப்படியே வெட்டிவிடும், 32.90 கூட 32தான். கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீட்டு எண் 1982 ஜனவரியில் 1000 என்று தொடங்கியது. ஒவ்வொரு முறையும் மூன்று தசமத்துக்கு மேல் உள்ளதை வெட்டி வெட்டி, 1983 நவம்பரில் 524 என்று காட்டியது. சரியாகப் போட்டபோது 1098! கொழுந்து எடையில் தினமும் கிராம்களை விட்டுக்கொண்டே வந்தால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பங்கு பிரிக்கும்போதும் கவனம் வேண்டும். 1,000 ரூபாயை 15 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 66.67. எல்லோருக்கும் 67 கொடுத்தால் 5 ரூபாய் துண்டு விழும், 66 கொடுத்தால் 10 ரூபாய் மிஞ்சும். மிச்சம் எந்தக் கணக்கில் சேரும் என்று முன்கூட்டியே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

மேக்ரோ எழுதுபவரிடம் 'வொர்க்ஷீட் ஃபங்ஷன் ரவுண்ட்' போடச் சொல்லுங்கள், நோட்டுக் கணக்கோடு ஒத்துவரும். இன்னொன்று, 'சிஇன்ட்' 32,767க்கு மேல் தாங்காது. குழு நிதி அதைத் தாண்டினால் 'ஓவர்ஃப்ளோ' என்று நின்றுவிடும். 'சிலாங்' பெரிய தொகையை எடுக்கும், ஆனால் சரிபாதி வந்தால் அதுவும் இரட்டை எண்ணுக்கே போகும்.

புது மேக்ரோ வந்தால் 1,625, 1,675 என்று இரண்டு கடன் தொகை போட்டு, 2 வட்டிக்கு ஓட்டிப் பாருங்கள். 33, 34 வந்தால் சரி. 32, 34 வந்தால் உள்ளே 'சிஇன்ட்' அல்லது மேக்ரோ 'ரவுண்ட்' இருக்கிறது. 32, 33 வந்தால் பைசாவை வெட்டுகிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.