தன்பாலினத் திருமணம்: சட்டம் எங்கே, சமயம் எங்கே?

பீர்க்கன்கரணையில் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு பெண்கள், தங்கள் திருமணத்தைப் பதிவு செய்யச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மேஜர். ஆதார், முகவரிச் சான்று, மூன்று சாட்சிகள் எல்லாம் தயார். ஆனாலும் மனு ஏற்கப்படாது.

அவர்கள் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. திருமணம் என்ற சட்டத் தகுதிதான் இன்னும் இல்லை.

தடை எங்கே இருக்கிறது?

சாதி, மதம் பார்க்காமல் மணம் முடிக்க 1954-இல் வந்தது சிறப்புத் திருமணச் சட்டம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்ப வேண்டும் என்கிறது அது. ஓர் ஆண், ஒரு பெண் என்ற கணக்கில் எழுதப்பட்ட சட்டம். இதை எந்த இருவருக்கும் பொருந்துமாறு படிக்க வேண்டும் என்று தன்பாலின இணையர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்ற அமர்வின் ஐந்து நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சட்டத்தை மாற்றுவது சட்டமன்றங்களின் வேலை என்றார்கள். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

சமயங்கள் ஏன் மறுக்கின்றன?

இந்து சமய அமைப்புகள் பலவற்றுக்குத் திருமணம் ஒரு சம்ஸ்காரம். ஆணும் பெண்ணும் இணைந்து குலம் தழைக்கச் செய்வது. இஸ்லாத்தில் நிக்காஹ் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஒப்பந்தம். ஜமியத் உலமா-ஐ-ஹிந்த் உச்ச நீதிமன்றத்திலேயே எதிர்த்து வாதாடியது. கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திருமணம் அருட்சாதனம். தன்பாலின இணையருக்கு ஆசி வழங்கலாம் என்று 2023 டிசம்பரில் அனுமதித்த வத்திக்கானும் அது திருமணம் ஆகாது என்று தெளிவாகச் சொன்னது.

ஆனால் எந்தச் சமயமும் ஒற்றைக் குரலில் பேசுவதில்லை. 2022 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு பெண்களுக்குத் தமிழ்ப் பிராமண முறைப்படி மணவிழா நடந்தது.

ஆதரவாளர்களின் பதில் இது: நாங்கள் கேட்பது கோயிலையோ தேவாலயத்தையோ பள்ளிவாசலையோ அல்ல, பதிவு அலுவலகத்தை. இங்கிலாந்தில் 2013-இல் வந்த சட்டமும், தன்பாலினத் திருமணத்தை நடத்திவைக்குமாறு எந்தச் சமய அமைப்பையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சேர்த்தே எழுதப்பட்டது. எதிர்ப்பாளர்களிடம் ஒரு வலுவான சட்ட வாதம் உண்டு. சிறப்புத் திருமணச் சட்டப்படி இரு இந்துக்கள் மணந்தால் சொத்து வாரிசுரிமை இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கே போகிறது. ஆகவே ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொடாமல் முடியாது என்கிறார்கள்.

தமிழ்நாட்டு முன்மாதிரி

திருமணச் சட்டத்தை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967-இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் செல்லுபடியாக்கியது; முன்பே நடந்த அத்தகைய திருமணங்களுக்கும் ஏற்பு கிடைத்தது. அதனால் அக்னி வலம் வருபவர்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை. ஆனால் 7ஏ பிரிவும் கணவன், மனைவி என்றே பேசுகிறது. தன்பாலின இணையருக்கு அது இன்று உதவாது.

நீதிமன்றங்களும் சில அடிகள் வைத்திருக்கின்றன. ‘மணப்பெண்’ என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது.

இன்று என்ன கிடைக்கும்?

கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று மத்திய அரசு 2024 ஆகஸ்டில் விளக்கியது. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதும்படியும் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் கணவன், மனைவி என்ற முறையில் வரும் குடும்ப ஓய்வூதியமும் இருவரும் சேர்ந்து தத்தெடுப்பதும் கிடையாது. சொத்து வைத்திருப்பவர் உயில் எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் அது பெற்றோர், உடன்பிறந்தோர் என்று ரத்த உறவுக்கே போகும்.

அடுத்த அடியை யார் வைக்க முடியும்? திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால் நாடாளுமன்றம் மட்டுமல்ல, மாநிலச் சட்டமன்றமும் இதில் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்துக்கு முரணானால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். 7ஏ வந்ததும் அந்த வழியில்தான்.