ஊர் மாறும் ஆட்டுக்கிடை

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களிலிருந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்குப் போகும் இடையர்கள் ஆண்டின் பல மாதங்களை அயலூர் வயல்களிலேயே கழிக்கிறார்கள். மந்தைகளை நடத்தும் தலைவரைக் கீதாரி என்பார்கள். இன்று இத்தொழிலில் உள்ள எல்லோருக்குமே அப்பெயர் வழங்குகிறது.

எப்போது கிளம்புவது என்பதை முடிவு செய்வது மழையும் நெல்லும்தான். இவர்களின் சொந்த ஊர் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய்கள் வற்றத் தொடங்கினால் அங்கே மேய்ச்சல் சுருங்கிவிடும். அதே நேரத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கங்களில் தை, மாசியில் சம்பா அறுவடை முடிகிறது. அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பும் வரப்புப் புல்லும் சிந்திய மணிகளும் ஆடுகளுக்குத் தீனியாகின்றன. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து குறுவைக்கு உழவு ஓட்டத் தொடங்கியதும் மந்தைகள் வயலை விட்டுவிட்டு மேட்டு நிலங்களையும் தரிசுகளையும் தேடிப் போகவேண்டும்.

இந்தப் பெரிய பயணத்துக்குள் சிறிய நகர்வுகள் நிறைய உண்டு. பகலில் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரு வயலுக்குள் வலை கட்டி மடக்குவதே கிடை. புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் விழுவதால், தொழுவத்து எருவை அள்ளிச் சுமந்து கொட்டும்போது வீணாகும் சத்தில் பெரும்பகுதி இங்கே நிலத்துக்கே கிடைக்கிறது. ஆட்டெரு அந்த ஆண்டிலேயே பலன் தரும், மாட்டெரு மறு ஆண்டில்தான் தரும் என்பது உழவர் வழக்கு. ஆடுகளின் எண்ணிக்கையையும் இரவுகளையும் கணக்கிட்டு நில உடைமையாளர் கூலி கொடுக்கிறார். எரு எங்கும் ஒரே சீராக விழவேண்டும் என்பதற்காக வலையைப் பிடுங்கி அடுத்த பகுதியில் கட்டுவார்கள். அந்த வயல் முடிந்தால் அடுத்த வயல், அதுவும் முடிந்தால் அடுத்த ஊர்.

இப்படி ஓயாமல் இடம் மாறுகிறவர்களுக்குப் பெரிய பலம் பழக்கம். பல குடும்பங்கள் ஆண்டுதோறும் அதே ஊர்களுக்கே வருகின்றன. தகப்பன் கிடை போட்ட வயலில் மகன் போடுகிறான். எந்த வாய்க்காலில் எதுவரை தண்ணீர் நிற்கும், எங்கே கருவேலங்காய் உதிரும், எந்த வயல் எப்போது அறுவடையாகும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். முன்பு கீதாரி நடந்தே போய்க் கிடைக்கான வயலைப் பேசி முடித்துவிட்டு வருவார். இப்போது பெரும்பாலும் கைபேசியிலேயே பேச்சு முடிகிறது.

உடைமையும் இதற்கேற்பக் குறைவு: தார்ப்பாய், சில பாத்திரங்கள், துணிமூட்டை, டார்ச் விளக்கு, கிளை ஒடிக்கத் துரட்டி. சாமான்களைச் சிறு வண்டிகளில் ஏற்றிவிட்டாலும் ஆடுகள் நடந்தேதான் வரவேண்டும். இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் போன்ற உள்ளூர் இனங்களுக்குக் கம்பளி கிடையாது, கால்கள் நெடியவை. வெயிலும் நெடுநடையும் அவற்றுக்குப் பழகிப்போனவை. நடக்க முடியாத இளங்குட்டிகளைக் கவிழ்த்த கூடைபோன்ற கூடுகளில் அடைத்துக் காப்பார்கள். சமையலோடு இந்தக் குட்டிகளைப் பேணும் பொறுப்பும் பெரும்பாலும் பெண்களுடையது. மந்தை தழைப்பது அவர்கள் கையில் இருந்தும், கிடைக்கூலி பற்றிய பேச்சில் அவர்கள் பெயர் அரிதாகவே வருகிறது.

மழைக்காலம் மிகவும் கடினமானது. ஈரத்தில் நிற்கும் ஆடுகளுக்குக் குளம்பழுகல் வரும். சிறு கடிபூச்சிகளால் நீலநாக்கு நோய் பரவும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் சொந்த ஊரில் முகாம் நடக்கும் நாளில் மந்தை வேறு மாவட்டத்தில் நிற்கும்.

பிள்ளைகளின் படிப்பிலும் இதே இடர்தான். பள்ளி போகும் வயது வந்ததும் பலரைத் தாத்தா பாட்டியிடமோ விடுதியிலோ விட்டுவிட்டுப் பெற்றோர் கிளம்புகிறார்கள். பிரிய மனமில்லாதவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு பாதியில் நின்றுபோகிறது. இடமாற்ற வாழ்வின் மிகக் கனமான விலை இதுவே. ரேஷன் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020 அக்டோபரில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தால் வெளியூர்க் கடையிலும் அரிசி வாங்க வழி உண்டு.

மேய்ச்சல் நிலமோ குறைந்துகொண்டே வருகிறது. சம்பா அறுவடையை ஒட்டி உளுந்து, பச்சைப்பயறு தெளிக்கும் வயல்களில் அந்தப் பயிர் எடுக்கும்வரை ஆடு இறங்க முடியாது. கோடையில் பருத்தி போடும் நிலங்களிலும் இதே கதைதான். உழவருக்கு இது நியாயமான கூடுதல் வருமானம் என்பதால் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தரிசும் மேய்க்கால் புறம்போக்கும் பெருமளவு வேறு பயனுக்குப் போய்விட்ட நிலையில் கீதாரிக்குப் போதிய மாற்றிடம் இல்லை.

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச் சபை அறிவித்தது. கிடை அமரும் வட்டாரங்களிலேயே தடுப்பூசி முகாம் நடத்துவதும், எஞ்சியிருக்கும் மேய்க்கால் நிலங்களைக் காப்பதும், கீதாரிகளின் பிள்ளைகளுக்கு விடுதியில் இடம் உறுதி செய்வதும் அரசு உடனே செய்யவேண்டிய வேலைகள்.