திருமணமும் வைத்தியப் பதிவும்

நோயுற்ற ஒருவர் தம் உடலை வைத்தியரின் கையில் ஒப்படைக்கும்போது, அவ்வைத்தியர் எங்கே கற்றார், எவ்வளவு கற்றார் என்று விசாரிக்கும் நிலையில் இருப்பதில்லை. அந்த விசாரணையை அவருக்காக முன்கூட்டியே செய்து வைப்பதே வைத்தியப் பதிவின் நோக்கமாகும். பிரித்தானியாவில் 1858 ஆம் ஆண்டில் நிறைவேறிய வைத்தியச் சட்டம், தகைமை பெற்றவரையும் பெறாதவரையும் பொதுமக்கள் பிரித்தறியும் பொருட்டே ஒரு பொதுப் பதிவேட்டை ஏற்படுத்தியது. இன்று நாடுகள் பலவும் இத்தகைய பதிவை அல்லது அனுமதியை வேண்டி நிற்கின்றன. அது இல்லாதவர் எத்துணைக் கல்விமானாயினும் அந்நாட்டில் வைத்தியராகத் தொழில் செய்ய இயலாது.

இந்த ஏற்பாடு நோயாளிக்குக் காவலாக அமைவது. ஆயினும் இதே ஏற்பாடு சில குடும்பங்களுக்குப் பெரும் சோதனையாகவும் அமைந்துவிடுகிறது. ஆசியாவிலோ ஆபிரிக்காவிலோ பட்டம் பெற்றுப் பல்லாண்டு பணியாற்றிய வைத்தியர் ஒருவர், ஐரோப்பியப் பிரசை ஒருவரை மணந்து ஐரோப்பாவிற் குடியேறுகிறார் என வைத்துக்கொள்வோம். வதியும் உரிமை எளிதிற் கிடைத்துவிடுகிறது. தொழில் செய்யும் உரிமையும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அவருக்குத் தெரிந்த தொழிலைச் செய்யும் உரிமை மட்டும் கிடைப்பதில்லை. மாதங்கள் ஆண்டுகளாகின்றன. பழகாத கை பழக்கத்தை இழக்கின்றது. திருமணம் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுப்பதில்லை என்பதை முன்னரே அறிந்திருந்தால் இந்த இழப்பிற் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

இவ்விடயத்தில் இரண்டு கேள்விகளை வேறுபடுத்திக் கொள்ளல் வேண்டும். அந்த வைத்தியர் எந்த நாட்டவர் என்பது முதலாவது கேள்வி. அவருடைய பட்டம் எந்த நாட்டுப் பட்டம் என்பது இரண்டாவது கேள்வி. திருமணம் விடை கூறுவது முதலாவது கேள்விக்கே. இரண்டாவதற்கு அது விடை கூறுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் போக்கை விளங்கிக்கொள்வதற்கு இவ்வேறுபாடே திறவுகோலாகும்.

முதலாவது கேள்வியைத் தெளிவாக்கிய வழக்கு ஒன்று 1986 மே 7 ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. அதன் இலக்கம் 131/85. சைப்பிரஸ் நாட்டவரான ஒரு வைத்தியர் துருக்கியிலே இஸ்தான்புல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, ஜேர்மனியில் மயக்கமருந்துத் துறையிற் பயிற்சி பெற்று விசேட வைத்தியரானவர். சைப்பிரஸ் அப்போது ஐரோப்பிய சமூகத்தின் உறுப்பு நாடு அன்று. அவருடைய மனைவியோ பிரித்தானியப் பிரசை. ஜேர்மனியிற் சிகை அலங்காரத் தொழில் செய்துவந்தார். பயிற்சிக் காலம் வரையில் தற்காலிக அனுமதி வழங்கிய ஜேர்மன் அதிகாரிகள், பின்னர் அவ்வனுமதியைத் தொடர மறுத்தனர். அவர் பெற்றிருந்த அறிவைப் பற்றிய ஐயம் அம்மறுப்புக்குக் காரணமன்று. அவர் ஐரோப்பிய சமூக நாட்டவர் அல்லர் என்பதே தடையாயிற்று.

நீதிமன்றம் அம்மறுப்பை ஏற்கவில்லை. ஓர் உறுப்பு நாட்டுப் பிரசை இன்னோர் உறுப்பு நாட்டிற் தொழில் செய்வாராயின், அவருடைய கணவனோ மனைவியோ எந்நாட்டவராயினும் அங்கே ஊதியத்துக்குத் தொழில் செய்யலாம் என்று 1968 ஆம் ஆண்டின் 1612 ஆம் இலக்க ஒழுங்குவிதி கூறியிருந்தது. அனுமதி பெற்றே செய்யவேண்டிய வைத்தியத் தொழிலும் அவ்வுரிமையுள் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் ஒரு நிபந்தனையும் உடன் வைக்கப்பட்டது. அந்த நாட்டுச் சட்டம் வேண்டும் தகைமையும் பட்டமும் தம்மிடம் உள்ளன என்பதை விண்ணப்பதாரி காட்டல் வேண்டும். சிகை அலங்காரம் செய்த மனைவியின் வேலை, கணவனுக்கு வைத்தியசாலையின் வாயிலைத் திறந்து கொடுத்தது. ஆயினும் அவ்வாயிலூடாக உள்ளே செல்வதற்கு அவருடைய சொந்தக் கல்வியே துணை நிற்கவேண்டியிருந்தது.

பின்னர் 2004 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கப் பணிப்புரை இவ்வுரிமையை மேலும் விரிவாக்கியது. ஒன்றியப் பிரசையுடன் வேறோர் உறுப்பு நாட்டிற்குச் செல்லும் குடும்பத்தினர், எந்நாட்டவராயினும், அங்கு ஊதியத்துக்கோ சுயமாகவோ தொழில் செய்யலாம் என்பது அதன் 23 ஆம் உறுப்புரை. அந்நாட்டுப் பிரசைகளுக்குச் சமமாக அவர்கள் நடத்தப்படல் வேண்டும் என்பது 24 ஆம் உறுப்புரை. ஆகவே, பட்டங்களை ஏற்பது பற்றிய 2005 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் பணிப்புரையின் நன்மைகளும் இக்குடும்பத்தினருக்குக் கிடைக்கின்றன.

இங்கே பலர் எதிர்பாராத ஒரு முரண் உண்டு. மேற்கூறிய உரிமை, எல்லையைக் கடந்து சென்ற பிரசையின் குடும்பத்துக்கே உரியது. தம் சொந்த நாட்டை விட்டு அசையாத பிரசையின் குடும்பத்துக்கு அப்பணிப்புரை பொருந்தாது. ஜேர்மனியில் வாழும் இத்தாலியரின் மனைவி ஐரோப்பியச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கலாம். அதே வீதியில் வாழும் ஜேர்மானியரின் மனைவியோ ஜேர்மனியின் உள்நாட்டுச் சட்டத்தையே நம்பியிருத்தல் வேண்டும். சொந்த நாட்டவரை மணந்தவரின் நிலை, அயல்நாட்டவரை மணந்தவரின் நிலையினும் தாழ்ந்ததாகிவிடுதல் விந்தையே.

இம்முரணுக்கு ஓரளவு பரிகாரம் 1992 ஜூலை 7 ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பொன்றில் உண்டு. இந்தியர் ஒருவர் தம் பிரித்தானிய மனைவியுடன் ஜேர்மனியில் 1983 முதல் 1985 வரை தொழில் செய்து, பின் பிரித்தானியாவுக்குத் திரும்பினார். வேறோர் உறுப்பு நாட்டிற் தொழில் செய்துவிட்டுத் தாய்நாடு திரும்பும் பிரசை, தம் துணையையும் ஐரோப்பிய உரிமையுடனே அழைத்துவரலாம் என நீதிமன்றம் முடிவு செய்தது. இதற்கு மறுபக்கமாக 2006 மார்ச் 30 ஆம் நாளைய தீர்ப்பொன்றும் உளது. மனைவி பெல்ஜியத்திலே பயிற்சி வேலையில் இருக்க, ஒன்றியத்தைச் சேராத கணவன் லக்சம்பேர்க்கிலே வேலை கேட்டார். ஒன்றியப் பிரசை தொழில் செய்யும் அல்லது செய்த நாட்டிலன்றி வேறு நாட்டில் இவ்வுரிமை இல்லை எனக் கூறப்பட்டது. எனவே தம்பதியர் எந்த நாட்டில் வாழ்கின்றனர், அந்நாடு ஒன்றியப் பிரசையின் சொந்த நாடா அன்றா என்பவற்றை முதலிற் பார்த்தல் அவசியம்.

இனி, பட்டத்தைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு வருவோம். வைத்தியர் எந்நாட்டவராயினும், அவருடைய பட்டம் ஓர் ஐரோப்பிய உறுப்பு நாட்டிற் பெற்றதாயின், மேற்கூறிய குடும்ப உரிமையோடு சேர்த்து அவர் வழி எளிதாகும். அடிப்படை வைத்தியக் கல்வி ஐந்து ஆண்டுகளுக்கும் 5,500 மணி நேரத்துக்கும் குறையாதிருத்தல் வேண்டும் எனப் பணிப்புரை விதித்திருக்கிறது. அவ்விதிக்கமைய ஓர் உறுப்பு நாடு வழங்கிய பட்டத்தை மற்றைய நாடுகள் மீண்டும் பரீட்சை வையாமலே ஏற்றுக்கொள்ளுகின்றன.

பட்டம் ஒன்றியத்துக்கு வெளியே பெற்றதாயின், அது முதலில் எந்த நாட்டில் விண்ணப்பிக்கப்படுகிறதோ அந்த நாட்டின் சட்டப்படி ஆராயப்படும். திருமணம் எவ்வளவு உறுதியானதாயினும் இவ்வாராய்ச்சியிலிருந்து விலக்களிக்காது. அந்நாடு பட்டத்தை ஏற்று, வைத்தியர் அங்கே மூன்று ஆண்டுகள் அத்தொழிலைச் செய்து, அதற்கு அத்தாட்சியும் பெற்றுவிட்டால் நிலைமை மாறுகிறது. அதன்பின் வேறோர் உறுப்பு நாட்டுக்குச் செல்லும்போது அப்பட்டம் பணிப்புரையின் பொது முறையின் கீழ் ஆராயப்படும் உரிமையைப் பெறுகிறது. முதலில் எந்த நாட்டிற் பதிவு பெறுவது என்ற முடிவு, பின்னர் வரும் பல ஆண்டுகளின் போக்கைத் தீர்மானிப்பது இதனாலேயே.

ஜேர்மனியை உதாரணமாகக் கொள்ளலாம். அங்கே ‘அப்ரோபாட்சியோன்’ எனப்படும் முழு அனுமதி, 2012 ஏப்ரில் 1 ஆம் நாள் வரையும் பொதுவாக ஜேர்மானியருக்கும் ஐரோப்பிய நாட்டவருக்குமே உரியதாயிருந்தது. ஏனையோர் ‘பெரூஃப்ஸ்எர்லவ்ப்னிஸ்’ எனப்படும் தற்காலிக அனுமதியுடன் காலங்கழித்தனர். அந்நாளில் நடைமுறைக்கு வந்த சட்டம் நாட்டவர் என்ற தடையை நீக்கியது. இன்று ஜேர்மானியரை மணந்த வைத்தியரும், எவரையும் மணவாத வைத்தியரும் இவ்விடயத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அவர்தம் பட்டம் ஜேர்மன் பட்டத்துக்குச் சமமானதாகக் கொள்ளப்படாதவிடத்து, நோயாளியின் முன்னிலையிலும் பரீட்சகர் முன்னிலையிலும் தம் திறமையைக் காட்டும் அறிவுப் பரீட்சையிற் சித்தியடைதல் வேண்டும். வைத்தியத் துறைக்குரிய ஜேர்மன் மொழிப் பரீட்சையும் உண்டு.

பிரித்தானியாவின் நிலை வேறு. அந்நாடு 2020 ஜனவரி 31 ஆம் நாள் ஒன்றியத்தை விட்டு நீங்கியது. ஆண்டின் முடிவிலே இடைக்கால ஏற்பாடும் முடிந்தது. இன்று அங்கே புதிதாகச் செல்பவருக்கு, ஐரோப்பியரை மணந்தமையாற் பதிவில் விசேட சலுகை எதுவும் இல்லை. பொது வைத்திய சபை, விண்ணப்பதாரியின் தகைமையையும் ஆங்கில அறிவையுமே நோக்குகிறது. வெளிநாட்டுப் பட்டதாரிகள் பலர் ‘பிளாப்’ எனப்படும் இரு பகுதிப் பரீட்சைக்குத் தோற்றியே பதிவு பெறுகின்றனர்.

இத்தகைய பயணத்தை எண்ணியிருக்கும் வைத்தியர் புறப்படுமுன்பே செய்யத்தக்கவை சில உள. பட்டச் சான்றிதழுடன், எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் கற்றார் என்று காட்டும் விபரப் பட்டியலையும் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொள்ளல் வேண்டும். ஐந்து ஆண்டுக் கல்வியையும் 5,500 மணியையும் நிறுவ உதவுவது அப்பட்டியலே. உள்ளகப் பயிற்சிக்கும், பணிபுரிந்த ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனி அத்தாட்சி வேண்டும். சொந்த நாட்டு வைத்திய சபை வழங்கும் நன்னிலைச் சான்றிதழும் இன்றியமையாதது. அது குறுகிய காலமே செல்லுபடியாகுமாதலால் விண்ணப்பத்தை அனுப்பும் வேளையிற் பெறுவதே நன்று. இலங்கையிலிருந்து செல்வோர் இதனை இலங்கை மருத்துவ சபையிடம் பெறுவர். குடியேறியபின், ஒன்றியப் பிரசையின் குடும்ப உறுப்பினருக்குரிய வதிவு அட்டைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். பணிப்புரை பொருந்துமிடத்து, அதனை ஆறு மாதங்களுக்குள் அதிகாரிகள் வழங்கல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது மொழி. தன் நெஞ்சு எப்படி வலிக்கிறது என்பதைக் கிராமத்து முதியவர் ஒருவர் தம் பேச்சுவழக்கிற் கூறும்போது அதனை விளங்கிக்கொள்ளாத வைத்தியர், எத்துணைப் பட்டம் பெற்றவராயினும் தவறான மருந்தைக் கொடுத்துவிடக் கூடும். பரீட்சையை ஓர் அவமதிப்பாகக் கருதும் அனுபவமிக்க வைத்தியர்கள் உளர். அவர்தம் மனக்குறை விளங்கத்தக்கதே. ஆனால் அந்தப் பரீட்சை, படுக்கையிற் கிடப்பவரின் பொருட்டு ஏற்பட்டது. அவருக்கு வைத்தியரின் திருமணப் பத்திரத்தால் ஆவது ஒன்றுமில்லை.

நாட்டவர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவரை வெளியே நிறுத்துவது அநீதி என 1986 ஆம் ஆண்டின் தீர்ப்பு கூறியது. தகைமையை நிறுவாத ஒருவரை உள்ளே விடலாகாது என்பதையும் அதே தீர்ப்பு கூறியது. இவ்விரண்டையும் சேர்த்து விளங்கிக்கொண்டு, திருமண நாளிலிருந்தே மொழியையும் பத்திரங்களையும் ஆயத்தஞ்செய்யும் தம்பதியருக்கு, காத்திருக்கும் காலம் வீண்போகும் காலமாக அமையாது.