மகிழம் மெதுவாகத்தான் வளரும்

விடியற்காலையில் மகிழ மரத்தடியில் கிடக்கும் பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். சந்தன நிறத்தில் சின்னச் சக்கரம்போல இருக்கும், நடுவில் ஓட்டை. இதழ்வட்டம் மட்டும் அப்படியே கழன்று விழுவதால் வரும் ஓட்டை அது. சூல்பை கிளையிலேயே தங்கிப் பழமாகிறது. அந்த ஓட்டைக்குள் வாழைநாரை நுழைத்து, ஊசி இல்லாமலே சரம் கோத்துவிடலாம். வாடிப் பழுப்பான பிறகும் பூவில் மணம் போகாது.

திருவண்ணாமலைக்கும் திருவொற்றியூருக்கும் இதுதான் தலமரம். இலுப்பைக்கும் சப்போட்டாவுக்கும் உறவு; இலையைக் கிள்ளினால் பால் கசியும். கோயில் மரமென்று ஒதுக்கிவிட்டோமோ என்னவோ, தெருவில் நட நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான மரங்கள் குறைவு என்பேன்.

சோழமண்டலக் கரையோரக் காடுகளிலும் இயல்பாக வளர்வது மகிழம். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையை வைத்துக்கொண்டு வறண்ட மாதங்களை ஓட்ட வேண்டிய மண் அது. அதற்கேற்ப இலை தடித்தது. மேலே மெழுகு பூசியதுபோல் மினுக்கும், நீரை எளிதில் ஆவியாக விடாது. பசுமை மாறாத மரம் என்றால் இலையே உதிர்க்காது என்று பொருளில்லை. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே புதியதைத் தளிர்க்கும். மொட்டையாக நிற்காததால் சித்திரை வெயிலிலும் அடியில் நிழல் இருக்கும்.

மெதுவாக வளரும் என்பதுதான் இதன்மேல் சொல்லப்படும் குறை. சீக்கிரம் நிழல் வேண்டுமென்று சாலையோரம் நட்ட பல மரங்களை 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை பறிகொடுத்தது. வைரம் பாய்ந்த மகிழ மரம் உலக்கைக்கும் தூணுக்கும் ஆகிற அளவு கெட்டியானது. அந்தக் கெட்டிக்குத்தான் இத்தனை வருஷம் பிடிக்கிறது.

பழுத்து விழுந்த பழத்தின் சதையை நீக்கி, கொட்டை காய்ந்துபோகுமுன் விதைத்துவிடுங்கள். நாற்றை வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நடுவது நல்லது. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும்.

உயிர்வேலியாக வேண்டுமானால் இரண்டு மூன்று அடிக்கு ஒரு கன்று. இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை அடர்ந்து வரும். அடிக்கடி கவாத்து செய்கிற வேலியில் பூ குறையும். அதனால் மூலைக் கன்று ஒன்றை மட்டும் வெட்டாமல் மரமாக விட்டுவிடுங்கள். வேலியின் பூவெல்லாம் அதன் அடியில் விழும்.