சிறு தொட்டியில் ஒரு கடல்

மும்பையில் வண்ண மீன் வளர்ப்போர் பலர். கடல்நீர்த் தொட்டி அமைத்து, அதில் நண்டு, இறால், சங்கு போன்ற முதுகெலும்பற்ற உயிர்களை வளர்ப்போர் மிகச் சிலரே. மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் தமிழருக்கு இவை அன்றாடம் பழகிய உயிர்கள். நட்சத்திர மீன் ஒரு மீன் அன்று என்பதும், பவளம் கல் அன்று, ஓர் உயிர் என்பதும் அவர்கள் நன்கறிந்தவை.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள ஒரு வீட்டில் 40 லிட்டர் தொட்டிக்கே இடம் இருக்கும். சிறிய தொட்டியைப் பேணுவது எளிது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. எனவே, 40 லிட்டரில் 1,400 கிராம் உப்பு இருக்கும். வெயிலில் 2 லிட்டர் நீர் ஆவியானாலும் உப்பு அப்படியே தங்கிவிடும். எஞ்சிய 38 லிட்டரில் உப்பின் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 37 கிராமாக உயர்ந்துவிடும். அதே 2 லிட்டர் ஒரு 400 லிட்டர் தொட்டியில் குறைந்தால் மாற்றம் தெரியவே தெரியாது. ஆதலால், குறைந்த நீரை ஈடுசெய்ய நாள்தோறும் உப்பில்லாத தூய நீரையே ஊற்றவேண்டும். உப்புநீரை ஊற்றினால் உவர்ப்பு மேலும் ஏறும். புதியவர்கள் செய்யும் முதற்பிழை பெரும்பாலும் இதுவே.

தொட்டி நிரம்பிய அன்றே உயிர்களை விடுதலும் ஆகாது. கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சாகும். அதனை மாற்றவல்ல பாக்டீரியாக்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் தேவை. செம்பு கலந்த மீன் மருந்தையும் இத்தொட்டியில் இடக்கூடாது. மீன் பிழைத்தாலும் இறாலும் சங்கும் மாண்டுபோகும்.

இனி, எவ்வுயிரைத் தேர்ந்தெடுப்பது? முதலில் சட்டத்தை அறிதல் வேண்டும். பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. கடைக்காரர் விற்கிறார் என்பதனால் அவற்றை வாங்குதல் முறையாகாது. மும்பையில் கடற்கரைச் சாலை அமைத்தபோது, ஹாஜி அலி, வொர்லிக் கரைப் பாறைகளில் வாழ்ந்த சிறு பவளங்களை 2020இல் இடம் மாற்றவேண்டியிருந்தது. அந்த அரசுப் பணிக்கே வனத்துறையின் அனுமதி தேவைப்பட்டது.

அடுத்து நோக்கத்தக்கது உணவு. அழகிய புள்ளிகளைக் கொண்ட ஹார்லிகுவின் இறால் நட்சத்திர மீனையன்றி வேறெதையும் பெரும்பாலும் உண்பதில்லை. அதனை வாங்குபவர் அதன் இரையையும் இடைவிடாது வாங்கவேண்டும். இல்லையேல் அது பட்டினியால் மடியும். பேய்க்கணவாய் எனப்படும் ஆக்டோபஸ் அறிவுமிக்கது. ஆயினும் தொட்டியிலுள்ள நண்டையும் இறாலையும் தின்றுவிட்டு, மூடியின் இடுக்கு வழியே வெளியேறிவிடும். கண்ணைக் கவரும் இவ்விரண்டும் சிறு தொட்டிக்கு ஏற்றவை அல்ல.

சிறு தொட்டிக்கு ஏற்ற வியப்பு ஒன்று உண்டு. அதுவே சொடுக்கு இறால். ஒரு விரல் நீளமே உள்ள இவ்வுயிர் தன் பெரிய கொடுக்கைச் சொடுக்கும்போது நீரில் ஒரு குமிழி தோன்றி உடைகிறது. அந்த ஒலி கண்ணாடிக்கு வெளியேயும் கேட்கும். தொட்டியில் விரிசல் விழுந்துவிட்டதோ என்று வீட்டார் இரவில் விழித்தெழுவதும் உண்டு! இவ்விறாலுக்குப் பார்வை மிகக் குறைவு. ஆகவே அது ஓர் உளுவை மீனோடு கூடி வாழ்கிறது. இறால் மணலில் வளை தோண்டுகிறது. மீன் வாயிலில் நின்று காவல் காக்கிறது. வெளியே வரும் இறால் தன் உணர்கொம்பை மீனின் உடல்மீது வைத்தபடியே மணலைத் தள்ளும். ஆபத்து நெருங்கினால் மீன் வாலை அசைக்கும். மறுகணம் இரண்டும் வளைக்குள் மறையும். இவ்விணையை வளர்ப்போர் கற்களை மணலின்மேல் வைக்கலாகாது. தொட்டியின் அடிக்கண்ணாடிமேல் முதலில் கல்லை அமைத்து, பின்னரே மணலை நிரப்பவேண்டும். இல்லையேல் இறால் தோண்டத் தோண்டக் கல் சரிந்து அதனையே நசுக்கிவிடும்.

அச்சொடுக்கொலி வேண்டாதவர் துறவி நண்டை வளர்க்கலாம். அதன் வயிற்றுப்பகுதி மென்மையானது. வெற்றுச் சங்கே அதன் வீடு. வளர வளர அதற்குப் பெரிய வீடு வேண்டும். வெற்றுச் சங்கு கிடைக்காவிடில், உயிருள்ள சங்கைக் கொன்று அதன் ஓட்டைக் கைப்பற்றவும் அது தயங்காது. ஆதலின், ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதான வெற்றுச் சங்குகள் நான்கைந்தைத் தொட்டியில் இட்டுவைத்தல் வேண்டும். நண்டு அவற்றைக் கொடுக்கால் உருட்டிப் பார்த்து, உள்ளளவைத் தடவி அறிந்து, ஏற்றது என்று தோன்றினால் கண்ணிமைக்கும் நேரத்தில் வீடு மாறிவிடும்.