இணையதள வாயிலில் அனுமதி விதிகள்: நிரல் வழியே அமைக்கும் முறை

அரசாங்க அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் தங்கள் படிவங்களையும் பதிவேடுகளையும் இணையதளங்களின் மூலம் நடத்தத் தொடங்கியது முதல், அத்தளங்களின் வாயிலில் யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்னும் கேள்வி பொறியியலாருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. மாவட்டத்திலிருந்து மழையளவை அனுப்பும் கள ஊழியர் ஒருவரின் படிவம் ஒரு நாள் காலை '403' என்னும் எண்ணோடு திருப்பப்படுமாயின், அவர் எத்தவறும் செய்யாதிருந்தும் வாயிற்காவலின் ஏதோ ஒரு விதி அவர்மேல் பாய்ந்திருக்கக்கூடும். அத்தகைய விதிகள் எவ்வாறு இயற்றப்படுகின்றன, அவற்றை இயற்றுங்கால் எங்கே பிழை நேர்கிறது என்பன அறியத்தக்கவை.

பழைய முறைக் காப்புச்சுவர், கடிதத்தின் உறையை மட்டும் பார்க்கும் தபால் சிப்பந்தியைப் போன்றது. எந்த முகவரியிலிருந்து வந்தது, எந்த எண்ணுள்ள வாயிலுக்கு வந்தது என்ற இரண்டையும் கண்டு அது முடிவு செய்யும். இணையதளம் நடத்துவோரோ 443ஆம் எண் வாயிலை எல்லாருக்கும் திறந்து வைத்தேயாகவேண்டும். ஆதலால் தீங்கு செய்ய எண்ணுவோன் அந்தத் திறந்த வாயிலின் வழியாகவே, ஒழுங்கான உறைக்குள் தீய வாசகத்தை இட்டு அனுப்புகிறான். தேர்வுப் பதிவெண் கேட்கும் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கு இடும் கட்டளையொன்றை எழுதி அனுப்புதல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உறையைப் பிரித்து உள்ளே இருப்பதைப் படித்துப் பார்க்கும் காவலே 'வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால்' எனப்படும் இணையப் பயன்பாட்டுக் காப்புச்சுவர். கோரிக்கை செல்ல விரும்பும் பாதை, அதன் தலைப்புக் குறிப்புகள், அதன் உடற்பகுதி ஆகியவற்றை அது ஆராயும். கோரிக்கைகள் மறையீடு செய்யப்பட்டே வருவதால், மறையீடு அவிழும் இடத்திலேயே இச்சுவரை நிறுத்தவேண்டும். அதற்கு முன்னே நிறுத்தினால் காவலனுக்குக் கண் தெரியாது.

இத்தகைய காப்புச்சுவரை மேகக் கணிமை நிறுவனங்கள் வாடகைச் சேவையாக வழங்குகின்றன. அமேசான் நிறுவனம் 2015இல் தொடங்கி, 2019இல் புதிய வடிவில் வெளியிட்ட சேவை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. பிற நிறுவனங்களின் சேவைகளில் பெயர்கள் மாறுமேயன்றி அடிப்படை பெரிதும் மாறுவதில்லை. விதிகளைத் திரையில் பொத்தான்களை அழுத்தியும் அமைக்கலாம். ஒரே விதியை இருபது தளங்களுக்கு இடவேண்டியபோதும், நள்ளிரவில் தாக்குதல் நேரும்போதும், சென்ற மாதம் யார் எதை மாற்றினார் என்று பின்னர் அறிய விரும்பும்போதும் கையால் செய்யும் முறை போதாது. அப்போது 'ஏ.பி.ஐ.' எனப்படும் நிரல் இடைமுகம் துணை செய்கிறது. ஒரு நிரல், வரையறுத்த வடிவில் எழுதிய கோரிக்கையை நிறுவனத்தின் கணிப்பொறிக்கு அனுப்ப, அது விதியை உண்டாக்கி மறுமொழி தருகிறது.

அவ்வாறு அனுப்பப்படும் ஒவ்வொரு கோரிக்கையும் கையொப்பம் இடப்பட்டதாக இருத்தல் வேண்டும். இரகசியத் திறவுகோலைக் கோரிக்கையோடு அனுப்புவதில்லை. அதனைக் கொண்டு கணக்கிட்ட முத்திரையை மட்டும் அனுப்புவர். முத்திரைக்குள் அனுப்பிய நேரமும் அடங்கியிருக்கும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் வந்து சேரும் கோரிக்கையே ஏற்கப்படும் என்பதால், அனுப்பும் கணிப்பொறியின் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கியிருந்தால் எல்லாம் சரியாக எழுதியிருந்தும் கோரிக்கை மறுக்கப்படும். புதிதாகப் பழகுவோர் பலர் நிரலில் பிழை தேடி அரை நாளைக் கழித்தபின்னரே கடிகாரத்தைப் பார்க்கின்றனர்.

இனி, ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்ளலாம். பல மாவட்ட அலுவலகங்களையுடைய ஒரு துறைக்கு ஓர் இணையதளம் உள்ளது. பொதுமக்கள் பார்க்கும் பக்கங்கள் எல்லாருக்கும் உரியவை. 'அட்மின்' எனத் தொடங்கும் நிர்வாகப் பக்கங்கள் மட்டும் துறையின் அலுவலகங்களிலிருந்தே திறக்கப்படவேண்டும். இதற்கு முதற்படி, 'கிரியேட் ஐ.பி. செட்' என்னும் கட்டளையால் அலுவலக முகவரிகளின் தொகுப்பொன்றை ஆக்குவதாகும். முகவரிகளைத் தொடராகவே எழுதவேண்டும். 203.0.113.0/24 என்று எழுதினால் முதல் 24 இருமக் குறிகள் மாறாதிருக்கும் 256 முகவரிகள் என்பது பொருள். ஒரே முகவரியாயின் இறுதியில் /32 என்று இடவேண்டும். ஒரு தொகுப்பில் 10,000 தொடர்கள் வரை சேர்க்கலாம். ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரிகளும் ஆறாம் பதிப்பு முகவரிகளும் ஒரே தொகுப்பில் இடம்பெறா. இதனை மறந்தவர்கள், ஆறாம் பதிப்பில் இயங்கும் அலுவலகத்தைத் தாமே வெளியே நிறுத்திவிடுவதுண்டு.

அடுத்தது விதி. 'பாதை அட்மின் எனத் தொடங்குகிறது. அனுப்பியவரின் முகவரி தொகுப்பில் இல்லை. இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தினால் தடு' என்பது அதன் பொருள். இதில் நுட்பம் ஒன்றுண்டு. அதே சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதியும், ஓர் எழுத்துக்குப் பதிலாகச் சதவீதக் குறியையும் எண்ணையும் இட்டும் அனுப்பலாம். தளம் அதனைச் சரியாகப் புரிந்துகொண்டு கதவைத் திறக்கும். காவலனோ வேறு சொல் என்று எண்ணி விட்டுவிடுவான். ஆதலால் ஒப்பிடுவதற்கு முன்னரே எழுத்தைச் சிறியதாக்குக, குறியீட்டை அவிழ்க்க என்னும் உருமாற்றங்களை விதியோடு சேர்த்து எழுதவேண்டும்.

'அலுவலக முகவரியாயின் அனுமதி' என்று நேராக எழுதினால் ஆகாதா என்று கேட்கலாம். பார்வைக்கு அது எளியதே. விதிகள் முன்னுரிமை எண்ணின் வரிசைப்படி, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் நோக்கிப் பார்க்கப்படுகின்றன. 'அனுமதி' அல்லது 'தடை' என்னும் முடிவு கிடைத்தவுடன் ஆராய்ச்சி நின்றுவிடும். அலுவலக முகவரிகளுக்கு முதல் விதியிலேயே அனுமதி அளித்துவிட்டால், பின்வரும் விதிகளில் ஒன்றுகூட அவற்றைத் தொடாது. அலுவலகக் கணிப்பொறி ஒன்றில் தீநிரல் புகுந்திருக்குமாயின், அது அனுப்பும் எதுவும் சோதனையின்றி உள்ளே செல்லும். 'தொகுப்பில் இல்லாதவரைத் தடு' என்று எழுதும்போதோ, தொகுப்பில் உள்ளவர்களும் அடுத்தடுத்த விதிகளைக் கடந்தே செல்லவேண்டும். ஆகவே பின்னதே மேலானது.

விதிகளைக் கோத்து 'வெப் ஏ.சி.எல்.' என்னும் விதித்தொகுதியை ஆக்கவேண்டும். எவ்விதியிலும் அகப்படாத கோரிக்கையை என்செய்வது என்னும் இயல்பு நடவடிக்கையும் அதில் குறிக்கப்படும். பொதுத்தளத்துக்கு அது அனுமதியாகவே இருத்தல் முறை. தொகுதியை ஆக்கியதோடு பணி முடிந்ததென்று கருதுதல் தவறு. தளத்தின் முன் நிற்கும் சுமைப் பங்கீட்டுக் கருவியோடு 'அசோஷியேட்' என்னும் தனிக் கட்டளையால் அதனை இணைக்கும்வரை அத்தொகுதி அலமாரியில் உறங்கும் சட்டப் புத்தகமே. அக்கருவி கோரிக்கையின் உடற்பகுதியில் முதல் 8 கிலோபைட்டை மட்டுமே காவலுக்குக் காட்டும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். அதனினும் நீண்ட படிவத்தைத் தடுப்பதா, விடுவதா என்பதை விதியே சொல்லவேண்டும்.

வேக வரம்பு விதி பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் பொருந்தும். ஆசிரியர்களும் கள ஊழியர்களும் பெரும்பாலும் அகப்படுவது இதில்தான். குறித்த கால அளவுக்குள் ஒரே முகவரியிலிருந்து குறித்த எண்ணிக்கைக்கு மேல் கோரிக்கை வந்தால் தடுப்பது இவ்விதி. கால அளவு சாதாரணமாக ஐந்து நிமிடம். ஒன்று, இரண்டு, பத்து நிமிடமாகவும் வைக்கலாம். கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கும் நிரல்களை நிறுத்த இது நல்ல கருவி. ஆனால் ஒரு முகவரி ஒரு மனிதரைக் குறிக்கும் என்பது இதன் மறைமுகமான அனுமானம், நம் நாட்டில் அது பல இடங்களில் பொய். ஒரு பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தின் 40 கணிப்பொறிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகவே தோன்றும். ஒரு பக்கத்தைத் திறக்கப் படங்களும் பிறவுமாக 30 கோப்புகள் வேண்டுமெனில், எல்லாரும் ஒருமுறை திறந்தாலே 1,200 கோரிக்கைகள் ஆகிவிடும். வரம்பு 500 என்று வைக்கப்பட்டிருந்தால், பாதி வகுப்பு பக்கத்தைக் காணுமுன் முழுப் பள்ளியும் தடுக்கப்படும். கைப்பேசி நிறுவனங்களும் முகவரிப் பஞ்சத்தால் வாடிக்கையாளர் பலரை ஒரே முகவரியின் பின் வைத்திருப்பதால், தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இத்தகைய விதி யாரைத் தண்டிக்கும் என்பது வெளிப்படை. விதியை எல்லாப் பக்கங்களுக்கும் இடாது, கடவுச்சொல் கேட்கும் பக்கத்துக்கு மட்டும் குறுக்குதல் வேண்டும். தடைக்குப் பதிலாக, வந்திருப்பவர் மனிதரா என்று வினவும் சோதனையை வைப்பது இன்னும் நலம்.

விதியை ஆக்குவதைவிட மாற்றுவதில்தான் விபத்து மிகுதி. துறை ஒரு புதிய அலுவலகத்தைத் திறக்கிறது என்க. அதன் முகவரியைச் சேர்க்க 'அப்டேட் ஐ.பி. செட்' என்னும் கட்டளை உள்ளது. அப்பெயரைக் கேட்டுப் புதிய முகவரியை மட்டும் எழுதி அனுப்பினால், அது பழையவற்றோடு சேராது. பழையவை அனைத்தும் நீங்கிப் புதியது ஒன்றே எஞ்சும். மேற்சொன்ன விதியின்படி அக்கணமே மற்ற எல்லா அலுவலகங்களும் நிர்வாகப் பக்கங்களுக்கு வெளியே நிற்கும். கோரிக்கை வெற்றி என்றே மறுமொழியும் வரும், ஏனெனில் இயந்திரம் சொன்னதைச் செய்துவிட்டது. ஆகவே முதலில் இருக்கும் தொகுப்பு முழுவதையும் படித்து, அதில் புதியதைச் சேர்த்து, முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்பவேண்டும். படிக்கும்போது 'லாக் டோக்கன்' எனப்படும் பூட்டுச்சீட்டு ஒன்றும் கிடைக்கும்; அனுப்பும்போது அதனையும் உடன் வைக்கவேண்டும். இடையில் வேறோர் ஊழியர் தொகுப்பை மாற்றியிருந்தால் சீட்டு செல்லாததாகி, கோரிக்கை மறுக்கப்படும். அவ்வாறு மறுக்கப்பட்டால் மீண்டும் படித்துத் தொடங்கவேண்டுமேயன்றி, புதிய சீட்டை மட்டும் வாங்கிப் பழைய பட்டியலையே அனுப்புதல் அந்தப் பாதுகாப்பையே கெடுப்பதாகும்.

புதிய விதியை உடனே தடைவிதியாக நிறுத்தாமல், முதலில் 'கவுண்ட்' என்னும் எண்ணும் நிலையில் வைக்கும் வழக்கம் போற்றத்தக்கது. அந்நிலையில் விதி யாரையும் தடுக்காது. தடுத்திருந்தால் எத்தனை பேர் அகப்பட்டிருப்பர் என்று மட்டும் கணக்கு வைக்கும். கடந்த மூன்று மணி நேரத்தில் அகப்பட்ட கோரிக்கைகளின் மாதிரிகளையும் ஏ.பி.ஐ. வாயிலாக வாங்கிப் பார்க்கலாம். அவற்றில் துறையின் சொந்த ஊழியர்களின் படிவங்கள் தென்படுமாயின் விதி திருத்தத்துக்கு உரியது.

எனினும் எண்ணும் நிலை எல்லாவற்றுக்கும் காப்பன்று. 2019ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், உலகெங்கும் பல தளங்களுக்கு முன்வாயிலாக விளங்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் நேர்ந்தது இதனை மெய்ப்பித்தது. பக்கங்களில் புகுத்தப்படும் தீய நிரல்வரிகளைக் கண்டுபிடிப்பதற்காக எழுதிய புதிய விதியை அந்நிறுவனம், யாரையும் தடுக்காத சோதனை நிலையிலேயே வெளியிட்டது. இந்திய நேரப்படி இரவு 7 மணி 12 நிமிடம். விதியில் இருந்த சொல்லமைப்பு ஒன்று, 'எதுவும், எத்தனையும்' என்று பொருள்படும் குறியை அடுத்தடுத்துக் கொண்டிருந்தது. அத்தகைய அமைப்பை ஒரு வாசகத்தோடு பொருத்திப் பார்க்கும் நிரல், வாசகத்தை எல்லா விதமாகவும் வெட்டிப் பார்த்து, பொருந்தாதபோது பின்வாங்கி மீண்டும் வெட்டிப் பார்க்கும். பின்னர் அந்நிறுவனம் தன் விளக்கத்தில் காட்டிய எளிய எடுத்துக்காட்டில், மூன்றே குறிகளுள்ள வாசகத்துக்கு 23 படிகள் தேவைப்பட்டன. சமக்குறிக்குப் பின் இருபது எழுத்துகள் வந்தபோது 555 படிகள். விதி யாரையும் தடுக்கவில்லையெனினும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அது ஓடியது. உலகெங்குமுள்ள கணிப்பொறிகளின் ஆற்றல் முழுவதும் அதிலேயே தீர்ந்து, தளங்களைத் திறந்தோர்க்கு '502' என்னும் பிழையெண் தோன்றிற்று. நிரல்களைச் சிறிது சிறிதாக வெளியிடும் வழக்கமுடைய அந்நிறுவனம், விதிகளை மட்டும் ஒரே வீச்சில் உலகெங்கும் அனுப்பும் ஏற்பாட்டை வைத்திருந்தது. 27 நிமிடம் அந்நிலை நீடித்தது.

அமேசானின் சேவையில் ஒவ்வொரு விதிக்கும் அது உண்ணும் உழைப்பை அளக்கும் அலகு ஒன்று வைத்து, தொகுதிக்கு உச்சவரம்பு 5,000 அலகு என்று கட்டியிருப்பதன் பயன் இந்நிகழ்ச்சியை நினைத்தால் விளங்கும். முகவரித் தொகுப்போடு ஒப்பிடுதல் ஓர் அலகே. எழுத்துருமாற்றம் ஒவ்வொன்றுக்கும் பத்து. 'செக் கெப்பாசிட்டி' என்னும் கட்டளை, விதியை ஆக்குவதற்கு முன்னரே அதன் அலகைக் கணக்கிட்டுச் சொல்லிவிடும்.

அன்று அந்நிறுவனத்தின் பொறியியலார் சிலர் தங்கள் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைய முடியாமல் இடர்ப்பட்டனர். அப்பலகையும் அதே வாயிலின் பின்னால் இருந்ததே காரணம். இக்காரணம் பற்றியே, விதிகளை மாற்றும் உரிமையுள்ள திறவுகோல் ஒன்றை அவ்விதிகளால் தடைபடாத இடத்தில் தனியே வைத்திருத்தலும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் அப்போதைய தொகுதியின் முழு வாசகத்தையும் படித்து நாளிட்ட கோப்பாகச் சேமித்தலும் வழக்கமாக்கப்படுகின்றன. தவறு நேர்ந்தால் அக்கோப்பிலுள்ள பழைய வாசகத்தைப் புதிதாகப் பெற்ற பூட்டுச்சீட்டோடு அனுப்பவேண்டும். சில வினாடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் பழைய நிலை எல்லா வாயில்களிலும் மீண்டுவிடும்.